பால் பையின் மூலையை எவ்வளவு வெட்டுவது?
யூனியன்வில் இல்லமொன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒன்ராறியோவில் 4 லீற்றர் பால் மூன்று பைகளில் வருகிறது. ஒவ்வொரு பையையும் ஒரு ஜக்கில் இருத்தி, மேல் மூலையொன்றை வெட்டி ஊற்ற வேண்டும். அந்த மூலையை எவ்வளவு வெட்டுவது என்பதில், யூனியன்வில்லில் வசிக்கும் அறுபத்தைந்தைத் தாண்டிய யாழ்ப்பாணத்துத் தம்பதியரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. வேறுபாட்டின் வரலாறு, பௌதிகம், குடும்பவியல் ஆகியன தனித்தனியே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தீர்வு எட்டப்படவில்லை. எட்டப்படாததே நல்லது என்று நிறுவப்படுகிறது.

நடுநிலை பற்றிய அறிவித்தல்: இவ்வாய்வாளர் மேற்படி தம்பதியரில் ஆண் பாதி, அகலமாக வெட்டும் கட்சியைச் சேர்ந்தவர். கழிக்க வேண்டியதைக் கழித்து வாசிக்கவும்.

1. களம்

யூனியன்வில் என்ற பெயரே ஒற்றுமையைக் குறிப்பது. 1841இல் மேல் கனடாவும் கீழ் கனடாவும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. அந்தக் காலத்தில் இங்கே மாவாலை கட்டிய ஐரா வைட் அதற்கு ‘யூனியன்’ என்று பெயர் வைத்தார். ஆலையின் பெயர் ஊருக்கும் ஆயிற்று என்பது ஊர் வரலாறு. அந்த இணைப்பு கால் நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் நின்றுபிடித்தது. 1867இல் ஒன்ராறியோ, கியூபெக் என இரண்டாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் பாலைப் பையில் வாங்குவதில் மட்டும் இரு மாகாணங்களும் இன்றுவரை ஒன்றாகவே நிற்கின்றன. கனடாவின் மேற்குப் பக்கம் போனால் இந்தப் பையை ஒரு விநோதமாகப் பார்ப்பார்கள்.

யூனியன்வில் அடங்கிய மார்க்கம் நகரத்தில் பால் சம்பந்தப்பட்ட எந்த விடயத்திலும் மக்கள் அமைதி காத்ததில்லை என்பதற்குச் சான்று உண்டு. இங்கிருந்து வடமேற்கே சில கிலோமீற்றர் தள்ளியுள்ள கதீட்ரல்டவுன் குடியிருப்பில், 2017 ஜூலையில், பளபளக்கும் உலோகப் பசு ஒன்றை ஏறத்தாழ 25 அடி உயரத்தில், நெடிய கால்களின் மேல் நிறுத்தினார்கள். செய்தவர் சிற்பி ரான் பேர்ட். 1980களில் பரிசுகளை வாரிக் குவித்த ‘சாரிட்டி’ என்ற ஹோல்ஸ்டீன் பசுவின் நினைவாக எழுந்தது அது. அந்த நிலமே முன்பு மாட்டுப்பண்ணையாக இருந்தது. காலையில் யன்னல் திரையை விலக்கியவர்களுக்கு வானத்தில் பசு தெரிந்தது. உடனே எங்காவது கொண்டுபோங்கள் என்று குடியிருப்போர் கொதித்தெழுந்தார்கள்; நகரசபையில் வாதம் நடந்தது. ஊரே ஒரு பசுவுக்காக இரண்டுபடும்போது, ஒரு வீடு அதன் பாலுக்காக இரண்டுபடுவதில் அதிசயம் எதுவுமில்லை.

2. வரலாறு: ரின்பாலிலிருந்து பை வரை

எல்லாத் தமிழருக்கும் பால் ஒரே வடிவில் வந்ததில்லை. சென்னைக்காரர்களுக்கு அது ஆவின் பாக்கெட். நீலமா, பச்சையா, ஆரஞ்சா என்று நிறத்தைப் பார்த்து வாங்கியவர்கள். அவர்களுக்கும் மூலை வெட்டத் தெரியும். ஆனால் அங்கே வெட்டு எவ்வளவு என்பது கேள்வியே அல்ல. அரை லீற்றர் பாக்கெட்டை வெட்டினால் அப்படியே பாத்திரத்தில் கவிழ்த்துக் காய்ச்சிவிடுவார்கள். வெட்டின் ஆயுள் அரை நிமிடம்.

எங்களுக்கோ வீட்டுப் பசு, போத்தல் பால், அதற்குப் பிறகு பால்மா. பால்மாவுக்குக் கரண்டி போதும். கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. துளையிடும் மரபு இருந்தது ரின்பாலில்தான். ரின்னின் தலையில் எதிரெதிராக இரண்டு துளை: ஒன்று பால் வெளியே வர, மற்றது காற்று உள்ளே போக. காற்றுத் துளையை மறந்தவனின் தேத்தண்ணி வெறும் சாயமாகவே கிடக்கும். இந்தப் பௌதிக அறிவுடன்தான் எங்கள் தலைமுறை விமானம் ஏறியது.

இங்கே வந்தபோது காத்திருந்தது பை. 1967இல் டூபொன்ட் நிறுவனத்தின் கனடாக் கிளை அதை அறிமுகப்படுத்தியது. 1970களில் கனடா மெட்ரிக் அளவுக்கு மாறியபோது அதற்கு யோகம் அடித்தது. கண்ணாடிப் போத்தலையும் அட்டைப்பெட்டியையும் லீற்றருக்கு ஏற்ப மாற்றப் புது அச்சு வேண்டும். பையைச் சற்று நீளமாக ஒட்டினால் சரி. இப்படி வந்ததுதான் 1.33 லீற்றர் என்ற, எந்தப் பள்ளிக்கூடக் கணக்கிலும் இல்லாத அளவு. மூன்றைச் சேர்த்தால் நாலு.

1938இலேயே, கனடிய மாகாணங்களில் முதலாவதாக, பாலைப் பாஸ்டர் முறையில் சூடாக்கிக் கிருமி நீக்கியே விற்க வேண்டும் என்று ஒன்ராறியோ சட்டம் செய்துவிட்டது. ஆகவே இங்கே கடைப் பாலைக் காய்ச்ச வேண்டியதில்லை. பச்சையாகவே ஜக்கில் வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளலாம். பிணக்கின் வேர் இந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. காய்ச்சும் ஊரில் அரை நிமிடம் வாழ்ந்த வெட்டு, காய்ச்சாத ஊரில் மூன்று நாலு நாள் வாழ்கிறது. நாலு நாள் கண்ணெதிரே நிற்கும் எதைப் பற்றியும் கணவன் மனைவிக்குக் கருத்து இல்லாமல் போகாது.

3. ஆய்வு முறை

தரவுகள் சமையலறை மேசையிலிருந்து, விரித்துப் பிடித்த பத்திரிகைக்குப் பின்னாலிருந்து திரட்டப்பட்டன. ஒத்துப்பார்ப்பதற்காக, ரூகுட் குளத்தைச் சுற்றி நடக்கும் ஓய்வுபெற்ற நண்பர்களிடம் விசாரிக்கப்பட்டது. அவர்கள் கேள்வியைக் கேட்டதும் முதலில் சிரித்தார்கள். பிறகு, கேட்காமலே, தங்கள் வீட்டு வெட்டைப் பற்றி குளத்தை ஒருமுறை சுற்றி முடிக்கும் வரை பேசினார்கள்.

மறுதரப்பினரை நேர்காணும் முயற்சி பின்வருமாறு அமைந்தது.

“இஞ்சாருங்கோ, இதென்ன வெட்டு? கை போகுமளவுக்கு!”

“நீர் வெட்டினா, பால் வாறதுக்குள்ளை தேத்தண்ணி ஆறிப்போகும்.”

“ஆறினா என்ன? எங்கை அவசரமாப் போப்போறியள்?”

மூன்றாவது கேள்விக்கு ஆய்வாளரிடம் பதில் இல்லாததால் நேர்காணல் அத்துடன் நிறைவுற்றது.

4. கட்சிகளும் கொள்கைகளும்

கிடைத்த தரவுகளின்படி ஒன்ராறியோத் தமிழரை மூன்று பிரிவாக வகுக்கலாம்.

நுண்வெட்டார்: நுனியை மட்டும் கிள்ளியெடுப்போர். இவர்களின் தலையாய வாதம் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறச் சூழ்நிலை பற்றியது. பைக்கு மூடி இல்லை. பாலுக்கோ பக்கத்தில் இருப்பதன் மணத்தை வாங்கிக்கொள்ளும் குணம் உண்டு. நேற்றைய நண்டுக்கறி மேல் தட்டில் இருக்க, கீழே வாய் அகன்ற பால் இருந்தால், காலைத் தேத்தண்ணியில் கடற்கரை வீசும். இவ்வாதத்தை மறுக்க இதுவரை எவராலும் இயலவில்லை. நண்டுக்கறி வைப்பதை நிறுத்தலாம் என்று சொல்லிப் பார்த்த நண்பர் ஒருவர், அதன் பிறகு கறியும் இல்லாமல் வாதமும் இல்லாமல் இருக்கிறார்.

அகலவெட்டார்: விரல் அகலம் வெட்டுவோர். இவர்களின் வாதம் எடை பற்றியது. நிறை பையொன்று ஏறத்தாழ 1.37 கிலோ, அதனுடன் ஜக்கும் சேர வேண்டும். சிறுவாய்ப் பையில் ஒரு கோப்பை நிறையும் மட்டும் அதைச் சரித்துப் பிடித்திருப்பது முப்பது வயதில் ஒரு செயல்; எழுபதில் ஒரு விரதம். மணிக்கட்டு நடுங்கத் தொடங்கும் முன் காரியத்தை முடிப்பதே புத்தி என்பது இவர்கள் கட்சி.

இருதுளையார்: ரின்பால் வழிவந்தோர். ஒரு மூலையை வெட்டிவிட்டு, மறு மூலையில் காற்றுக்கென்று சிறு கீறலும் இடுவர். ரின் விறைப்பானது, பால் போன இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். பையோ வற்ற வற்றச் சுருங்கிக்கொள்ளும். வெளிக்காற்றுத்தான் அதை அமுக்கிக்கொடுக்கிறது. ஆகவே இரண்டாவது துளை ஓட்டம் சற்றுச் சீராக உதவினாலும் கட்டாயமானதல்ல. இதை இருதுளையாரிடம் விளக்கியபோது, “நாங்கள் அப்பிடித்தான் வெட்டிறனாங்கள்” என்றார்கள். மரபு என்ற அதிகாரத்தின் கீழ் இது பதிவு செய்யப்படுகிறது.

மூன்று பிரிவினரும் உடன்படும் ஒரே சடங்கு தட்டுதல். பையை ஜக்கில் விட்டதும் ஜக்கைத் தூக்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டாத பை அடியில் இருக்காது; ஊற்றும்போது முழுவதுமாகச் சரிந்து வெளியே வரும். எவ்வளவு கடும் வாக்குவாதத்தின் நடுவிலும் இந்தச் சடங்கு தவறியதில்லை. சில வேளைகளில் தேவைக்கு அதிகமான வலுவுடன் நிறைவேறியதும் உண்டு.

இவற்றையெல்லாம் தொகுத்து, பிற்காலத்தார் மனனம் செய்யும் பொருட்டு, இவ்வாய்வாளர் ஒரு நூற்பா செய்துள்ளார்:

சிறுவாய் திறத்தலும் பெருவாய் திறத்தலும்
இருவாய் வழக்கே இல்லறத் தோர்க்கே.

உரை: ‘இருவாய்’ என வரையறுத்தமையால், பிள்ளைகள் வாய் விலக்கப்பட்டது. ‘வழக்கே’ என்ற ஏகாரம், இது வழக்காகவே இருக்கும், தீர்ப்பாகாது என்ற தேற்றம். ‘இல்லறத்தோர்க்கே’ என்றதனால், தனியே இருப்போர்க்கு இவ்விதி பொருந்தாது. அவர்களுக்குப் பை மட்டுமே உண்டு.

5. பௌதிகம்

மூலையின் இரு ஓரங்களிலும் ஒரு சென்ரிமீற்றர் அளந்து குறுக்கே வெட்டினால், கிடைக்கும் வெட்டின் நீளம் 1.4 சென்ரிமீற்றர். அது முழுதாய் வாய் திறந்து வட்டமானால் அதன் விட்டம் ஏறத்தாழ 0.9 சென்ரிமீற்றர், பரப்பு ஏறத்தாழ 0.64 சதுரச் சென்ரிமீற்றர். ஓரங்களில் இரண்டு சென்ரிமீற்றராக அளந்து வெட்டினால் பரப்பு இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். அதாவது, “நீர் வெட்டுறதைவிட ஒரு சொட்டுத்தான் கூட” என்று அகலவெட்டார் சொல்லும்போது, பால் அதை நான்கால் பெருக்கிக்கொண்டு வருகிறது. இக்கணக்கு மறுதரப்பினருக்குக் காட்டப்படவில்லை.

ஆயினும் நுண்வெட்டார் இதில் முழு வெற்றி கொண்டாட முடியாது. மெல்ல ஊற்றும் திரவம் வாயின் விளிம்பைவிட்டுத் துள்ளி விழாமல், அதன் கீழ்ப்புறத்தைப் பற்றிக்கொண்டு வழிந்தோடும் இயல்புடையது. இதற்குத் ‘தேநீர்க்கெண்டி விளைவு’ என்று பெயர். மார்கஸ் ரைனர் 1956இல் இதை எடுத்துப் பேசினார். மறு ஆண்டு ஜோசப் கெல்லர் என்ற கணிதவியலாளர் காற்றழுத்தத்தைக் காரணம் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். கெண்டியின் மூக்கு சொட்டாமலிருப்பது பற்றிய ஆராய்ச்சிக்கு 1999இல் இக் நோபெல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. ஓட்டத்தின் வேகம் குறையக் குறைய வழிதல் கூடும். ஆகவே நுண்வெட்டால் பால் பையின் முதுகு வழியே இறங்கி, ஜக்கின் அடியில் ஒரு வெள்ளை வளையமாக மேசையில் பதிகிறது. அகலவெட்டாலோ கோப்பை நிரம்பித் தளும்பி, அதே மேசையில் குளமாகத் தேங்குகிறது.

எனவே பௌதிகத்தின் தீர்ப்பு: இரு முறையிலும் மேசை நனையும். துடைப்பவர் யார் என்பது பௌதிகத்தின் எல்லைக்கு வெளியே உள்ளது.

6. பிணக்குச் சுருக்கக் கோட்பாடு

இக்கட்டுரையின் சொந்தக் கண்டுபிடிப்பு இப்பகுதியில் வருகிறது. மேற்படி தம்பதியரின் கனடா வாழ்க்கையைப் பிணக்கின் அடிப்படையில் நான்கு காலங்களாகப் பிரிக்கலாம்.

ஸ்காபரோ அடுக்குமாடிக் காலம்: 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் நிறைந்த கட்டடம். பிணக்குப் பொருள்: முதலில் ஸ்பொன்சர் செய்வது யாருடைய தம்பியை.

மோர்ட்கேஜ் காலம்: இருவருக்கும் வெவ்வேறு ஷிப்ட். பிணக்குப் பொருள்: 25 வருடக் கடன், பேஸ்மென்டை வாடகைக்கு விடுவதா, வேண்டாமா. நேரில் சந்திக்க நேரமில்லாததால், பிணக்குகள் பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுத்துமூலம் நடந்தன.

பிள்ளைகள் காலம்: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, வயலின், அரங்கேற்றத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது, பல்கலைக்கழகம் வீட்டிலிருந்தா விடுதியிலிருந்தா.

யூனியன்வில் காலம்: கடன் தீர்ந்தது. பிள்ளைகள் நிலைபெற்றார்கள். பிணக்குப் பொருள்: பால் பையின் மூலை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பால் பை நான்கு காலங்களிலும் இருந்தது. முதல் மூன்று காலங்களிலும் யார் முதலில் எழும்பினாரோ அவர் வெட்டிவிட்டு ஓடினார். வெட்டில் வேறுபாடு அப்போதும் இருந்திருக்க வேண்டும். அதைக் கண்டவர் இல்லை. ஆகவே வேறுபாடு பிணக்கை உண்டாக்குவதில்லை. காலியாக இருக்கும் பிணக்குத்தான் தனக்கொரு வேறுபாட்டைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. சூத்திரமாகச் சொன்னால்: ஒரு வீட்டில் உள்ள பிணக்கின் மொத்த அளவு மாறாது, அதன் பொருள் மட்டும் காலப்போக்கில் சுருங்கும்.

ஏன் சுருங்குகிறது? ஆட்சிப் பரப்புச் சுருங்குவதால். உப்பு எவ்வளவு, சீனி எவ்வளவு என்பது வைத்தியரின் இலாகாவுக்குப் போய்விட்டது. எந்தக் கைபேசி, எந்த வாகனம் என்பது மகனின் இலாகா. எந்தச் சப்பாத்து வழுக்காது என்பது மகளின் இலாகா. இன்னும் உயிரோடிருந்து 80ஐத் தொட்டால், வாகனம் ஓட்டலாமா என்பதையும் மாகாண அரசு எடுத்துக்கொள்ளும்: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை, ஒரு குழு வகுப்பு, தாளில் ஒரு சிறு பயிற்சி என்று எல்லாம் முடித்தால்தான் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும். எல்லாரும் அன்பினால்தான் செய்கிறார்கள். எல்லாரும் அன்போடு எடுத்துக்கொண்டு போனபின், இருவரின் இறைமைக்கும் எஞ்சியிருக்கும் நிலப்பரப்பு ஒரு சென்ரிமீற்றர். அதை எவரும் சண்டையில்லாமல் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். வயதான பின் நம்மோடு சரிக்குச் சரி வாதாடுவோர் அருகிவிடுகிறார்கள். பிள்ளைகளிடம் எதைச் சொன்னாலும் “ஓமப்பா, ஓமப்பா” என்கிறார்கள். தேர்தலைப் பற்றிச் சொன்னாலும் ஓமப்பா, செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிச் சொன்னாலும் ஓமப்பா. இது மரியாதை போலத் தோன்றும். உண்மையில் நம் கருத்து எதையும் மாற்றப்போவதில்லை என்ற தீர்மானம். சொன்னதைக் காதில் வாங்கி, யோசித்து, பிழை என்று கண்டு, முகத்துக்கு நேரே பிழை என்று சொல்லும் ஒரே ஆள் மனைவி. மறுத்துப் பேசுவது ஒரு மதிப்பு. அந்த மதிப்பு இவ்வாய்வாளருக்குத் தினமும் காலையில், பாலுடன் சேர்த்து, தாராளமாக வழங்கப்படுகிறது.

7. தீர்வு முயற்சிகளும் அவற்றின் தகுந்த தோல்வியும்

முதலாவது முயற்சி: மகள் ஒரு வெட்டுக்கருவி கொண்டுவந்தாள். காந்தத்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பொருள். எப்படி வெட்டினாலும் ஒரே அளவு. அந்த அளவு இருவருக்கும் பிடிக்கவில்லை. கருவி இப்போது கதவில் வைத்தியசாலை நாள் எழுதிய துண்டைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பணியில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது முயற்சி: மகன் இன்னொரு ஜக் வாங்கித் தந்தான். ஆளுக்கொரு ஜக், ஆளுக்கொரு வெட்டு. பாகப்பிரிவினை பூரணமாக நடந்தது. இரண்டு பை ஒரே நேரத்தில் திறந்ததால் ஒன்று புளிக்கத் தொடங்கி, தயிராக்கப்பட்டது. அதைவிடப் பெரிய விளைவு, காலைகளில் பேச ஒன்றுமில்லாமல் போனது. காலநிலை பற்றிப் பேசிப் பார்த்தோம். குளிர் என்றார். ஓம், குளிர் என்றேன். அதற்கு மேல் அந்தப் பொருளில் சரக்கில்லை. எவரும் தீர்மானம் நிறைவேற்றாமலே இரண்டாவது ஜக் மேல் அலுமாரிக்குப் போனது. இப்போது அதில் அகப்பைகள் நிற்கின்றன.

மூன்றாவது முயற்சி பேரனுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கு உச்சத்தில் இருந்தபோது, கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, “அம்மம்மா, பெட்டிப் பால் வாங்கலாமே, மூடி இருக்குத்தானே?” என்றான். இந்த ஆய்வின் மிக முக்கியமான அவதானிப்பு இந்த நொடியில் பதிவாயிற்று. நுண்வெட்டாரும் அகலவெட்டாரும் ஒரே பக்கம் திரும்பினர். பெட்டிப் பாலில் லீற்றருக்கு எவ்வளவு கூட என்று ஒருவர் கணக்குச் சொன்னார். பை முடிந்தால் கழுவிக் காயவைத்து முருங்கையிலை, தேங்காய்ப்பூ கட்டி உறையவைக்கலாம், பெட்டியை என்ன செய்வது என்று மற்றவர் கேட்டார். வெளிப்பைகளைக் கீற்றாக வெட்டிப் பாய் பின்னித் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பும் கனடியர்கள் இருக்கிறார்கள் என்று முதலாமவர் எடுத்துக்காட்டுத் தந்தார். பேரன் கைபேசிக்குத் திரும்பினான். ஐரா வைட்டின் ஆலை கண்ட அரசியல் ஒற்றுமையைவிட உறுதியான ஒற்றுமை அன்று இந்தச் சமையலறையில் நிலவியது. அது மறுநாள் காலை அடுத்த பை திறக்கும் வரை நீடித்தது.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

வெட்டின் அளவு பற்றிய பிணக்கு ஒரு நோயல்ல. ஆகவே மருந்து வேண்டியதில்லை. அது வீட்டில் இரண்டு அபிப்பிராயங்கள் இன்னும் உயிரோடிருப்பதற்கான அத்தாட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகை தரும் பிள்ளைகளின் கவனத்துக்குப் பின்வரும் பரிந்துரைகள் பணிவன்புடன் முன்வைக்கப்படுகின்றன.

ஒன்று: தீர்ப்பு வழங்க வேண்டாம். “அம்மா சொல்லுறது சரி” என்பது தீர்ப்பு. “ரெண்டு பேரும் சரி” என்பது அதைவிட மோசமான தீர்ப்பு.

இரண்டு: கருவி எதுவும் வாங்கி வர வேண்டாம். காந்தத்தை ஒட்டக் கதவில் இடமில்லை.

மூன்று: “ஓமப்பா”வைப் பாதியாகக் குறைக்கவும். தகப்பன் சொல்வதில் பிழை கண்டால் பிழை என்று சொல்லவும். அவர் குரலை உயர்த்துவார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இருக்கிறது.

நான்கு: கத்தரிக்கோலைப் பாவித்தால், அது இருந்த இடத்திலேயே வைக்கவும். அது இருந்த இடம் எது என்பதில் இவ்வில்லத்தில் இரு கொள்கைகள் நிலவுகின்றன. அதற்கான தரவுகள் திரட்டப்பட்டு வருகின்றன.